முதல் பனிச்சிகரம்: வடசென்னையிலிருந்து புறப்படுவோருக்கான திட்டம்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் வசிக்கும் ஒருவர் இமயமலையில் வழிகாட்டியோடு ஒரு பனிச்சிகரம் ஏற முடிவெடுத்தால், பணம், உடற்பயிற்சி, உபகரணம் எல்லாவற்றுக்கும் முன்பாக, தமக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நம் தெருக்கள் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயரநோயோ பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டத் தொடங்கும். கால் வலிமையையும் மூச்சையும் இங்கேயே வளர்த்துக்கொள்ளலாம். உயரத்துக்கு உடம்பைப் பழக்குவதை மட்டும் இங்கே செய்யவே முடியாது. மலையில் தூங்கும் இரவுகளால்தான் அது நடக்கும். ஆகவே கூடுதல் நாட்களுக்குச் செலவிடும் பணமே இந்தப் பயணத்தில் மிகவும் பயனுள்ள பணம் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டு மலைகள் சிலவற்றை ஏறியிருந்தாலும் பனியில் கால் வைத்ததே இல்லை என்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்தச் சிகரம்

முதல் முயற்சிக்கு, இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகே சோலாங் பள்ளத்தாக்கின் மேலிருக்கும் ஃபிரெண்ட்ஷிப் பீக் பொருத்தமானது. பீர் பாஞ்சால் தொடரைச் சேர்ந்த இதன் உயரம் 5,289 மீட்டர். பனியில் நடப்பது, காலணிக்கு அடியில் மாட்டும் கூர்முள் சட்டமான கிராம்பானைக் கட்டுவது, கயிற்றில் ஒருவரோடு ஒருவர் பிணைந்து ஏறுவது ஆகிய எல்லாவற்றையும் இங்கே கற்கலாம். செங்குத்தான பாறையில் ஏறும் திறமை தேவைப்படாது. மே மாதப் பிற்பகுதியிலிருந்து ஜூன் இறுதி வரையிலும், மழை ஓய்ந்தபின் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரையிலும் குழுக்கள் போகின்றன. வடசென்னைக்காரர்களுக்கு ஜூன் தொடக்கமே வசதி என்பேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களின் விடியற்காலைகளில் பயிற்சி செய்துவிட்டு, அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்தும்போது பயிற்சியைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுத்துப் புறப்படலாம்.

ஆறாயிரம் மீட்டர் என்ற எண் பலரையும் இழுக்கிறது. லாஹௌல் பகுதியிலுள்ள யூனம் 6,111 மீட்டர். பனியில் ஏறும் நுட்பம் அதிகம் தேவையில்லை என்று சொல்லியே இதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பார்கள். ஆனால் மணாலி - லே நெடுஞ்சாலை அதன் அடிவாரத்துக்கு மிக அருகில் ஏறக்குறைய 4,600 மீட்டர் உயரம் வரை போகிறது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே அந்த உயரத்துக்குப் போய் இறங்குவது, கடலோரத்திலிருந்து வருபவருக்குத் தாங்கக்கூடிய தாவல் இல்லை. லடாக்கின் ஸ்டோக் காங்ரி 6,153 மீட்டர். அது 2020 முதல் மூடப்பட்டுவிட்டது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அதற்குத் திட்டமிட வேண்டாம்.

நாள் கணக்கு

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். இதை ஈடுகட்ட உடம்பு வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடுகிறது. அதனால் இரத்தத்தில் ஏற்படும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சில நாட்களில் சரிசெய்கின்றன. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். மாரத்தான் ஓடுபவருக்கும் இந்த வேலை இதே வேகத்தில்தான் நடக்கும். திடகாத்திரமாக இருப்பவர்கள் வேகமாக ஏறிவிடுவதால், அவர்களுக்கு உயரநோய் கடுமையாகத் தாக்கும் வாய்ப்பும் உண்டு.

மலையேற்ற மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட விதி இது: 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் அடுத்த இரவு தூங்கக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு மேலே போய் வந்தாலும் தவறில்லை, படுக்கும் உயரம்தான் கணக்கு.

ஒரு குழுவின் பயணத் திட்டம் கைக்கு வந்ததும், ஒரு தாளை எடுத்து, ஒவ்வோர் இரவுக்கும் எதிரே தூங்கும் உயரத்தை எழுதுங்கள். ஃபிரெண்ட்ஷிப் பீக்குக்கு நான் சரியென்று கருதும் திட்டம் இப்படி அமையும். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். அங்கே இரண்டு இரவு. அடுத்து துந்தி, ஏறத்தாழ 2,840 மீட்டர், ஓர் இரவு. பிறகு பகர்தாச் புல்வெளி, ஏறத்தாழ 3,300 மீட்டர், இரண்டு இரவு. அதன்பின் லேடி லெக் என்று அழைக்கப்படும் முகாம், ஏறத்தாழ 3,850 மீட்டர், மூன்று இரவு. இந்தக் கடைசித் தாவல் 500 மீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதனால்தான் அதற்கு முன்னும் பின்னும் கூடுதல் இரவுகளை வைத்திருக்கிறேன். லேடி லெக்கில் இருக்கும் பகல்களில் பனிப் பயிற்சி நடக்கும். மூன்றாவது இரவின் நடுவிலேயே எழுந்து சிகரத்துக்குப் புறப்பட்டு, பகலில் அதே முகாமுக்குத் திரும்பி, இன்னோர் இரவு தூங்கிவிட்டு மணாலிக்கு இறங்கலாம். இதோடு வானிலை கெட்டால் காத்திருக்க இரண்டு நாட்கள் கட்டாயம் வேண்டும். சில குழுவினர் லேடி லெக்குக்கு மேலே இன்னொரு முகாம் போடுவார்கள். அப்படியானால் ஓர் இரவு கூடும்.

மணாலியிலிருந்து மணாலி வரை, வானிலைக்கான இரண்டு நாட்களையும் சேர்த்து, இது பதினோரு இரவு. சென்னையிலிருந்து போய்வர ஐந்து, ஆறு நாட்களைச் சேர்த்தால் இரண்டரை வாரம் ஆகிறது. எல்லாவற்றையும் ஏழெட்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் திட்டங்கள் சந்தையில் நிறைய உண்டு. அவற்றை இதே போல் தாளில் எழுதிப் பாருங்கள். மணாலியில் ஒரே இரவு தூங்கிவிட்டு மறுநாள் இரவே பகர்தாச்சில் படுக்க வேண்டியிருக்கும், வானிலைக்கென்று ஒரு நாளும் இருக்காது. அந்தத் திட்டத்தையே விரும்பினால், கூடுதல் இரவுகளுக்குத் தனியாகப் பணம் கட்டுகிறேன் என்று கேளுங்கள். மறுத்தால் வேறு குழுவைத் தேடுவதே நல்லது.

மருத்துவர்

பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே ஒரு பொது மருத்துவரிடம் போய், இன்ன உயரத்துக்குப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத்துடிப்புப் பதிவு ஆகியவற்றோடு இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்ப்பது அவசியம். ஆக்சிஜனைச் சுமந்து செல்வதே அதுதான் என்பதால், இரத்தசோகை இருந்தால் சரிசெய்துகொள்ள இந்த நான்கு மாதம் தேவைப்படும். குறிப்பாகப் பெண்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். வடசென்னையின் மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைப் புகைக்கும் சாம்பலுக்கும் நடுவே வசிப்பவர்கள் நுரையீரல் செயல்திறன் சோதனையையும் செய்துகொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். இழுப்பு, நாள்பட்ட இருமல் இருப்பதை வழிகாட்டிக் குழுவிடம் மறைக்கவே கூடாது.

உயரநோயைத் தடுக்கப் பயன்படும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி அதே சந்திப்பில் கேட்டுவிடலாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருத்துவர் தருவாரானால், ஊரில் இருக்கும்போதே ஓரிரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனிகள் மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் வழக்கமான விளைவுகள். முதன்முதலாகக் கூடாரத்தில் அதை உணர்ந்து பயப்படாமல் இருக்க இது உதவும். மாத்திரை இருக்கிறது என்பதற்காக மேலே எழுதிய இரவுகளில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது.

பயிற்சி

சமதரையான ஊரில் ஏற்றப் பயிற்சிக்குப் படிக்கட்டுதான் கைகொடுக்கும். நான்கு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தால் போதும். முதல் மாதம் வெறும் பையோடு அரை மணி நேரம். நான்காவது மாதம் பத்துக் கிலோ சுமையோடு ஒன்றரை மணி நேரம். சுமையாகத் தண்ணீர் பாட்டில்களைப் பையில் வையுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் மொட்டைமாடியில் கொஞ்சம் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு இறங்கினால், ஏறும்போது முழுச் சுமையும் இறங்கும்போது குறைந்த சுமையும் இருக்கும். ஆனால் கடைசி மாதத்தில் சுமையோடே இறங்கவும் பழக வேண்டும். சிகரத்திலிருந்து திரும்பும்போது தொடைகள் படும் பாடு, இறங்கிப் பழகாதவர்களுக்குத் தாங்காது. வாரத்தில் இரண்டு நாள் மெரினாவிலோ திருவொற்றியூர்க் கடற்கரையிலோ ஒரு மணி நேரம் மெதுவான ஓட்டம், வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் போதும். காற்று தெளிவாக இருக்கும் நாட்களாகப் பார்த்து, சாலைப் போக்குவரத்து தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை உண்மையான ஏற்றம் வேண்டும். திருத்தணியின் 365 படிகள் தொடக்கத்துக்குச் சரி. அதன்பின் திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலை வரையுள்ள 3,550 படிகளைச் சுமையோடு ஏறி, நடந்தே இறங்குங்கள். அடியார்கள் நடக்கும் பாதை என்பதை நினைவில் வைத்து, ஓரமாக, யாரையும் முந்தித் தள்ளாமல் போக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தின் பர்வதமலையில் சங்கிலியைப் பிடித்தும் இரும்புக் கடப்பாறைகளின் மேல் கால்வைத்தும் ஏறும் பகுதி, உயரத்தைக் கண்டு தலைசுற்றுகிறதா என்பதைச் சோதிக்க நல்ல இடம். அங்கே கால் நடுங்குகிறவர்கள் பனிச்சிகரத் திட்டத்தை ஓராண்டு தள்ளிவைத்து, இத்தகைய மலைகளுக்கு இன்னும் சில முறை போய்வருவது நல்லது.

குழுவும் வழிகாட்டியும்

பணம் கட்டும் முன், சிகரத்துக்கு உடன் வரப்போகும் வழிகாட்டியோடே தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேளுங்கள். அலுவலகத்தில் பேசுபவர் மலைக்கு வரமாட்டார். அந்த வழிகாட்டி எந்த நிறுவனத்தில் பயின்றார், அடிப்படைப் பயிற்சியோடு நின்றாரா, உயர்நிலைப் பயிற்சியும் பயிற்றுநர் பயிற்சியும் முடித்தாரா, இதே சிகரத்தை எத்தனை பருவங்களில் ஏறியிருக்கிறார் என்பவற்றைக் கேளுங்கள். சிகர நாளன்று ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? இரண்டு, மூன்று பேர் என்றால் நம்பலாம். ஒருவருக்கு முடியாமல் போய்த் திரும்பினால் அவரோடு யார் இறங்குவார், மற்றவர்களோடு யார் தொடர்வார் என்ற கேள்விக்கு உடனே தெளிவான பதில் வர வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாமில் இருக்கும், அவசர காலத்தில் தகவல் எப்படிப் போகும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அரசு அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம்; வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கித் தந்த கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

இந்தி தெரியாதவர்கள் மொழியைப் பற்றியும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். உயரநோயின் முதல் அறிகுறிகளை நாமேதான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லத் தெரியாமல் கூச்சப்பட்டு இருந்துவிடுவது ஆபத்து. ஆங்கிலம் பேசும் வழிகாட்டியைக் கேளுங்கள். அதோடு நில் என்பதற்கு ‘ருக்கோ’, தலைவலி என்பதற்கு ‘சிர் தர்த்’ போன்ற பத்துப் பதினைந்து சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், கயிறும் பனிக்கோடரியும் பயன்படுத்தும் ஏற்றத்தை விலக்கியிருக்கிறார்களா என்பவை. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கைவிடும்.

உபகரணம்

பனிக் காலணி, கிராம்பான், பனிக்கோடரி, தலைக்கவசம், இடுப்பு வார், கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான காரபினர் ஆகியவற்றை முதல் பயணத்துக்கு விலைகொடுத்து வாங்க வேண்டாம். குழுவே தரும், அல்லது மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும். காலணியை மட்டும் மணாலியில் தங்கும் இரண்டாம் நாளில் போட்டுப் பார்த்து எடுங்கள். சிகர நாளில் அணியப்போகும் அதே தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டி, முன்பாதத்தால் சுவரை நாலைந்து முறை உதையுங்கள். விரல் நுனி இடித்தால் ஒரு அளவு பெரிது வேண்டும். படியில் ஏறும்போது குதிகால் எழும்பினால் சிறிது வேண்டும். பிறகு அந்தக் காலணியில் அந்தக் கிராம்பானைக் கட்டி, ஆடாமல் நிற்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

உள்ளாடை, கம்பளிச் சட்டை, இறகு அடைத்த கோட்டு, காற்றும் நீரும் புகாத மேற்சட்டை என்று அடுக்கடுக்காக உடுத்த வேண்டும். பருத்தித் துணி வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும் என்பதால் உடம்பை ஒட்டி அணியவே கூடாது. கண்ணை முழுதும் மூடும் கறுப்புக் கண்ணாடி உயிர்காக்கும் பொருள். வெயிலில் பனி கண்ணைப் பழுதாக்கச் சில மணி நேரம் போதும்.

கையுறைகளை மட்டும் சொந்தமாக வாங்கி ஊரிலேயே பழகுங்கள். காசிமேட்டில் மீன்பெட்டிக்குப் போடும் ஐஸைக் கொஞ்சம் வாங்கி வந்து, கையுறையோடு ஐந்து நிமிடம் அதற்குள் கையை வைத்திருந்து, பிறகு கையுறையைக் கழற்றாமலே இடுப்பு வாரின் கொக்கியை மாட்டவும் காலணி நாடாவை முடியவும் முயன்று பாருங்கள். கடும் குளிரில் பின்னிரவு ஒரு மணிக்குத் தலைவிளக்கின் வெளிச்சத்தில் இதைத்தான் செய்யப்போகிறீர்கள். இருட்டில் தானாகவே கை செய்யும் அளவுக்குப் பழகியவர்கள் கிளம்பும்போது தாமதமாவதில்லை, விரல்களும் விறைப்பதில்லை.

உயரத்தில் பசி அடங்கிவிடும். அறிமுகமில்லாத சாப்பாட்டை வாய் ஏற்காது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், பேரீச்சம்பழம், பொரிவிளங்காய் உருண்டை என நமக்குப் பழகியவற்றில் கொஞ்சம் கொண்டுபோங்கள். கடலைமிட்டாயை வீட்டிலேயே சிறு துண்டுகளாக உடைத்துவிடுங்கள். குளிரில் அது பல்லால் கடிக்க முடியாத அளவுக்குக் கெட்டியாகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால், உறையத் தொடங்கினாலும் மூடிப் பக்கம் கடைசியில்தான் உறையும்.

போக்குவரத்து

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்தான் திறக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளில் புதுதில்லி. அங்கிருந்து இரவுப் பேருந்தில் மணாலி. கோடை விடுமுறைக் கூட்டத்தில் டிக்கெட் கிடைப்பது கடினம் என்பதால், குழுவிடம் தேதியை உறுதி செய்தவுடன் முன்பதிவு திறக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலுக்கும் மணாலிக்கு இறங்கும் நாளுக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். 2023 ஜூலை வெள்ளத்தில் குலு - மணாலிச் சாலையே பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. சிகர முகாமில் திரும்பலாமா, இன்னொரு நாள் பார்க்கலாமா என்று முடிவெடுக்கும்போது, தில்லியில் காத்திருக்கும் ரயில் அந்த முடிவை நெருக்கக் கூடாது.

துந்திக்கு மேலே தொலைபேசித் தொடர்பை எதிர்பார்க்க முடியாது. தினமும் பேசுகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுக்காமல், எந்த நாளில் எந்த முகாம், எந்தத் தேதிக்குள் தகவல் வராவிட்டால் குழு அலுவலகத்தில் யாரிடம் பேசுவது என்பவற்றை ஒரே தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

மலையில்

நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் குடிப்பதும், மதுவையும் தூக்க மாத்திரையையும் தொடாமல் இருப்பதும் முதல் நாளிலிருந்தே வேண்டும். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று சேர்ந்தால் அதை உயரநோய் என்றே எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் சொல்லி, அந்த இரவு மேலே போகாமல் அங்கேயே தங்க வேண்டும். மறுநாள் கூடினால் இறங்க வேண்டும். முன்காலின் குதிகால் பின்காலின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை மூளை வீக்கத்தின் அடையாளங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலோடு நுரை வருவது நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளங்கள். இரண்டிலும் இரவென்று பாராமல் உடனே இறங்க வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் இறங்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான்.

பனிப் பயிற்சி நாளைப் புகைப்படத்துக்காகச் செலவிடாதீர்கள். சறுக்கி விழுந்தால் பனிக்கோடரியின் அலகை நெஞ்சுக்கு அருகில் பிடித்து, குப்புறப் புரண்டு, உடல் எடையால் அதைப் பனியில் அழுத்தி நிற்பதை வலம், இடம், தலைகீழ் என எல்லா நிலையிலும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கயிற்றில் மூன்று பேர் இருக்கும்போது ஒருவரின் சறுக்கலை மற்ற இருவரும்தான் நிறுத்தியாக வேண்டும்.

சிகரத்துக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி அளவில் புறப்படுவதற்குக் காரணம், அப்போது பனி இறுகிக் கிடக்கும் என்பதுதான். வெயில் ஏறினால் பனி இளகி, கால் புதையும். பனிச்சரிவுக்கும் வாய்ப்பு கூடும். ஆகவே எந்த இடத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டிய நேரத்தை முந்தைய மாலையே வழிகாட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள்; காலை பத்து மணி என்றால் பத்து மணிதான். ஒவ்வோர் அடியிலும் பின்காலின் மூட்டை நிமிர்த்தி, எடையை எலும்பில் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு அடுத்த அடி வையுங்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா டாண்டா சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியதில் 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேர்ந்த பயிற்றுநர்கள் உடனிருந்த குழு அது. வழிகாட்டி சரிவைப் பார்த்துவிட்டு இன்று வேண்டாம் என்று சொன்னால், கட்டிய பணத்தைச் சொல்லி வாதாடக் கூடாது. கையிலிருக்கும் அந்த இரண்டு கூடுதல் நாட்கள் அதற்காகத்தான்.

இறங்கும்போது கிராம்பானுக்கு அடியில் ஈரப்பனி உருண்டையாக ஒட்டி வழுக்கும். நாலைந்து அடிக்கு ஒருமுறை கோடரித் தடியால் காலணியின் பக்கவாட்டில் தட்டி உதிர்த்துவிடுங்கள். கயிற்றைக் கழற்றலாம் என்று வழிகாட்டி சொல்லும் வரை கழற்ற வேண்டாம்.

இந்தப் பயணம் நல்லபடியாக முடிந்து, இன்னும் பெரிய சிகரங்களுக்குப் போகும் ஆசை பிறந்தால், அடுத்த குழுவுக்குப் பணம் கட்டும் முன் அடிப்படை மலையேற்றப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் மணாலியிலும் அரசு சார்ந்த நிறுவனங்கள் ஏறத்தாழ நான்கு வாரம் நடத்தும் இந்தப் பயிற்சிக்கு இடம் கிடைக்க நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், ஊர் திரும்பிய மாதமே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.